பித்தப்பைக் கல், பித்த அமிலம், கொலஸ்ட்ரால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் வந்ததும் பெரும்பாலானோர் முதலில் கேட்பது "எத்தனை மில்லிமீட்டர்?" என்றுதான். சிகிச்சையை முடிவுசெய்வதில் அளவுக்குச் சின்னப் பங்குதான் உண்டு. வலி வந்ததா, கல் எந்த இடத்தில் நிற்கிறது, எந்த வகைக் கல் என்பவையே முக்கியம். இவை புரிய, பித்தநீருக்குள் நடக்கும் கணக்கு கொஞ்சம் தெரிய வேண்டும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறோம். இங்கே சொல்லியிருக்கும் மருந்தளவுகள் விளங்கிக்கொள்வதற்காக மட்டும். உங்களுக்கான அளவை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பித்தநீர் எவ்வளவு சுரக்கிறது? பித்தப்பைக்கு அதில் என்ன வேலை?

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பை கொள்வதோ 30 முதல் 50 மி.லி. தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி, பித்தநீரைப் பல மடங்கு கெட்டியாக்கி வைத்துக்கொள்வதால்தான் அவ்வளவு சிறிய பை போதுமானதாக இருக்கிறது. சாப்பாட்டின் கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலுக்கு வந்ததும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும். அது பித்தப்பையைச் சுருக்கும். பித்தக்குழாய் குடலில் திறக்கும் இடத்திலுள்ள தசைவளையத்தைத் தளர்த்தும். சேமித்த பித்தம் அப்போது குடலில் இறங்கும்.

தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால், பித்தநீரில் கரைந்திருப்பவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பித்த அமிலங்கள். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிட். கொலஸ்ட்ரால் 4 சதவீதம் அளவில்தான். மிச்சம் புரதமும், பித்தத்துக்கு நிறம் தரும் பிலிருபினும். அந்த 4 சதவீதம்தான் பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம்.

கொலஸ்ட்ரால் எப்படிப் பித்த அமிலமாகிறது?

கொலஸ்ட்ராலின் வளைய அமைப்பை உடைத்து எரிக்கும் வழி நம் உடலில் கிடையாது. சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துச் சக்தியாக்க முடியும். கொலஸ்ட்ராலை அந்த வளையம் உடையாமலே வெளியேற்றத்தான் முடியும். பெரும்பகுதி போகும் பாதை பித்தநீர். இதில் இரண்டு வகை உண்டு. கொலஸ்ட்ராலாகவே பித்தத்தில் கலந்து போவது ஒன்று, பித்த அமிலமாக மாறிப் போவது மற்றொன்று. கல்லீரல் நாள்தோறும் சுமார் அரை கிராம் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றுகிறது.

இந்த மாற்றத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் நொதி கொலஸ்ட்ரால் 7-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ். அது தொடங்கிவைக்கும் வரிசையின் முடிவில் கோலிக் அமிலம், கீனோடிஆக்சிகோலிக் அமிலம் என இரண்டு முதல்நிலை அமிலங்கள் கிடைக்கும். கல்லீரல் இவற்றை கிளைசின் அல்லது டாரின் என்ற அமினோ அமிலத்தோடு இணைத்து அனுப்புகிறது. இணைத்தபின் அவை தண்ணீரில் நன்றாகக் கரையும்; குடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடாமல், கொழுப்பைச் செரிக்கும் இடம்வரை போகும். பெருங்குடல் பாக்டீரியாக்கள் இவற்றை டிஆக்சிகோலிக், லித்தோகோலிக் என்ற இரண்டாம்நிலை அமிலங்களாக மாற்றுகின்றன.

ஒரே பித்த அமிலம் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது என்கிறார்களே?

ஆமாம். உடலில் மொத்தமாக இருக்கும் பித்த அமிலம் 2 முதல் 4 கிராம்தான். அது ஒரு நாளில் ஆறு முதல் பத்து முறை கல்லீரலுக்கும் குடலுக்கும் இடையே சுற்றி வருகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தில் 95 சதவீதம் மீண்டும் உறிஞ்சப்பட்டு, போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்குத் திரும்பும். மலத்தில் போய்விடும் அரை கிராம் அளவைத்தான் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து புதிதாகச் செய்து ஈடுகட்டுகிறது.

கட்டுப்பாடும் இந்த இலியத்தில்தான் இருக்கிறது. பித்த அமிலம் அங்கே போதுமான அளவு வந்தால், எஃப்ஜிஎஃப்19 என்ற ஹார்மோன் சுரந்து கல்லீரலின் உற்பத்தியைக் குறைக்கும். குடல் அழற்சி நோயான கிரோன் நோயாலோ அறுவை சிகிச்சையாலோ இலியத்தை இழந்தவர்களிடம் இந்தச் சுழற்சி அறுந்துவிடும். இழப்பு ஓர் அளவைத் தாண்டினால் கல்லீரலால் ஈடுகொடுக்க முடியாது. அவர்களுக்குப் பித்தப்பைக் கல் அதிகம் வர இது ஒரு காரணம்.

கொலஸ்டிரமைன் போன்ற மருந்துகள் ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைப்பதும் இதே வழியில்தான். அவை குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும். ஈடுகட்டுவதற்குக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும்.

சரி, கல் எப்படி உருவாகிறது?

கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. பித்த அமிலமும் லெசித்தினும் சேர்ந்து நுண்ணிய உருண்டைகளாகி, அதைத் தங்களுக்குள் பொதிந்துவைத்துக் கரைந்த நிலையில் காக்கின்றன. இந்த மூன்றின் விகிதம்தான் எல்லாம். எந்த விகிதத்தில் கொலஸ்ட்ரால் கரைந்திருக்கும், எந்த விகிதத்தில் படிகமாகும் என்பதை அட்மிராண்ட், ஸ்மால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1968இல் ஒரு முக்கோண வரைபடமாகக் காட்டினார்கள். கரையக்கூடிய உச்ச அளவை 1 என்று வைத்துக்கொண்டால், அதைத் தாண்டிய பித்தம் மிகைச்செறிவுப் பித்தம்.

மிகைச்செறிவு மட்டும் இருந்தால் கல் வந்துவிடாது. கல்லே இல்லாத பலரிடமும் பித்தம் சில வேளைகளில் அப்படித்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு வேண்டும். ஒன்று, படிகம் கட்டத் தொடங்க ஒரு பிடிமானம்; பித்தப்பையின் உட்சுவர் சுரக்கும் மியூசின் என்ற கொழகொழப்பான புரதம் அந்த வேலையைச் செய்கிறது. மற்றொன்று, பை சரியாகச் சுருங்காமல் பித்தம் தேங்கி நிற்பது. கெட்டிப் பாகில் நூலைத் தொங்கவிட்டு அசைக்காமல் வைத்தால் கற்கண்டு கட்டுவது இதே முறையில்தான்: செறிவான பாகு, ஒரு நூல், அசையாத நேரம். பை ஒவ்வொரு வேளையும் நன்றாகக் காலியானால் படிகங்கள் கல்லாக வளரும் முன்பே குடலில் இறங்கிப் போய்விடும்.

கல்லீரல் செல்லிலிருந்து பித்தத்துக்குள் கொலஸ்ட்ராலைத் தள்ளும் பம்ப் ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற இணைப் புரதங்கள். இதில் ஏபிசிஜி8இன் ஒரு மரபணு மாற்றம் பித்தப்பைக் கல்லோடு உறுதியாகத் தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. லெசித்தினைத் தள்ளும் ஏபிசிபி4 குறைபட்டிருந்தால் நிலைமை வேறு: 40 வயதுக்கு முன்பே கல், கல்லீரலுக்குள்ளிருக்கும் சிறு குழாய்களிலும் படிகங்கள், பித்தப்பையை எடுத்த பிறகும் அதே வலி. இந்த மூன்றும் சேர்ந்த ஒருவரை "ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே, இது கேஸ்" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தால் கல் வருமா?

நேரடித் தொடர்பு இல்லை. எல்டிஎல் 180 இருக்கும் ஒருவரின் பித்தப்பை சுத்தமாக இருக்கலாம். லிப்பிட் புரொஃபைல் நன்றாக இருக்கும் ஒருவருக்குப் பை நிறையக் கல் இருக்கலாம். கல்லோடு சேர்ந்து காணப்படுவது ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு உயர்வதும், நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் குறைவதும். இரண்டும் இன்சுலின் எதிர்ப்பின், அதாவது உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலையின், அடையாளங்கள். தொப்பை, சர்க்கரை நோய், கொழுப்புக் கல்லீரல், பித்தப்பைக் கல் ஆகியவை ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது இதனால்தான்.

எல்லாக் கல்லும் கொலஸ்ட்ரால் கல்தானா?

இல்லை. எடுத்த பித்தப்பையை வெட்டித் திறந்தாலே வித்தியாசம் தெரியும். கொலஸ்ட்ரால் கல் வெளிர்மஞ்சள் நிறம்; ஒற்றைக் கல்லாகப் பெரிதாக வளரும், அல்லது பல கற்கள் ஒன்றோடொன்று உரசிப் பட்டை தீட்டியதுபோல முகங்களோடு இருக்கும். உடைத்தால் நடுவிலிருந்து கதிர்போலப் பளபளக்கும் படிகங்கள் தெரியும். கறுப்பு நிறமிக் கல் மிளகளவில், கறுத்து, சொரசொரப்பாக, எண்ணிக்கையில் நிறைய இருக்கும். அது கால்சியம் பிலிருபினேட். ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடையும் நோய்களிலும் (அரிவாள் செல் நோய், தலசீமியா, பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ்) கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸிலும் வரும். பழுப்புக் கல் மெத்தென்று இருக்கும், விரலால் நசுக்கலாம். பெரும்பாலும் பித்தக்குழாயிலேயே உருவாகும்; பாக்டீரியாத் தொற்றுதான் அதன் வேர்.

வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கற்களே அதிகம். தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கணிசமாக இருப்பதைக் கற்களைப் பகுப்பாய்ந்த ஆய்வுகள் காட்டுகின்றன. மாத்திரையில் கரைப்பது பற்றிய கேள்வியில் இந்த வித்தியாசம் மறுபடி வரும்.

யாருக்கு அதிகம் வருகிறது?

பெண்களுக்கு, குறிப்பாகப் பல முறை கருத்தரித்தவர்களுக்கு. ஈஸ்ட்ரோஜன் பித்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. புரோஜெஸ்ட்ரோன் பையின் சுருக்கத்தைத் தளர்த்துகிறது. வயது கூடக்கூட, உடல் பருமன், சர்க்கரை நோய், குடும்பத்தில் கல் உள்ளவர்கள், வாய்வழி உணவின்றி நீண்டநாள் ரத்தக்குழாய் வழி ஊட்டம் பெற்றவர்கள் என்று பட்டியல் நீளும். "குண்டான, நாற்பது வயதுப் பெண்" என்ற பழைய பாடப்புத்தக வாய்ப்பாட்டை மட்டும் நம்பக் கூடாது. ஒல்லியான ஆண்களுக்கும் வருகிறது, அவர்களில்தான் கண்டுபிடிப்பு தாமதமாகிறது.

டயட் இருந்து எடையைக் குறைத்தேன், கல் வந்துவிட்டது. எப்படி?

வேகமாகக் குறைத்திருப்பீர்கள். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் ஆபத்து சட்டென்று கூடுகிறது. உடல் கொழுப்பிலிருந்து வெளிவரும் கொலஸ்ட்ரால் பித்தத்தில் கொட்டும். அதே நேரம் சாப்பாட்டில் கொழுப்பே இல்லாததால் பை சுருங்குவதில்லை. "எண்ணெயே தொடாமல் இருந்தும் கல்லா?" என்று ஆச்சரியப்படுபவர்களுக்குப் பதில் இதுதான். எண்ணெயை அறவே விட்டதும் அதற்குத் துணைபோயிருக்கிறது.

வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைப்பது பாதுகாப்பானது. மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்தாலும், ஒரு வேளையிலாவது சுமார் 10 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி எண்ணெய் அளவுக்குக் கொழுப்பு இருக்கட்டும். பை ஒருமுறையாவது நன்றாகக் காலியாகும். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு முதல் ஆறு மாதம் உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் நாளுக்கு 500 முதல் 600 மி.கி. கொடுப்பது வழக்கம். கல் வருவதை அது பெருமளவு தடுக்கிறது.

வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது கல் தெரிந்தது. வலியே இல்லை. ஆபரேஷன் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கல் உள்ளவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்கு அது சத்தமில்லாமல் கிடக்கும். அப்படிப்பட்டவர்களில் ஓர் ஆண்டில் வலி தொடங்குவது நூற்றில் ஓரிருவருக்குத்தான். சர்க்கரை நோய் இருக்கிறது என்பது மட்டுமே வலியில்லாத கல்லை எடுக்கக் காரணமாகாது.

விதிவிலக்குகள் உண்டு: 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல், பையின் உட்சுவரில் வளர்ந்து 1 செ.மீ.யைத் தொட்ட பாலிப் என்ற சதைத் திரட்சி, சுவரில் கால்சியம் படிந்த பித்தப்பை, அரிவாள் செல் நோய் போன்ற ரத்த நோய்கள். பித்தப்பைப் புற்றுநோய் கங்கைச் சமவெளியில், உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம், மிக அதிகம். அங்கே வலியில்லாத கல்லையும் எடுத்துவிடும் போக்கு இருக்கிறது. தெற்கே அந்த நோய் குறைவு. வடக்கின் பயத்தை இங்கே அப்படியே இறக்குமதி செய்து, வலியில்லாத எல்லோரையும் மேசையில் படுக்கவைப்பது நியாயமில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் எடுத்த ஸ்கேனா என்று பாருங்கள். காபி குடித்துவிட்டுப் போனால்கூடப் பை சுருங்கிவிடும். சுருங்கிய பையில் சிறு கல் மறைந்துவிடும், சுவரும் தடித்ததுபோலக் காட்டும்.

"போஸ்டீரியர் அக்கவுஸ்டிக் ஷேடோயிங்" என்றிருந்தால் ஒலியலை ஊடுருவ முடியாமல் பின்னால் நிழல் விழுகிறது, அதாவது அது கல். "மொபைல்" என்றால் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னபோது கல் உருண்டது. நகரவும் இல்லை, நிழலும் இல்லை என்றால் பாலிப்பாக இருக்கலாம். "இம்பாக்டட் அட் நெக்" என்ற வரிதான் கவலைக்குரியது; கல் பையின் கழுத்தில் சிக்கி நிற்கிறது. சுவர்த் தடிமன் 3 மி.மீ. வரை இயல்பு. அதைத் தாண்டி, சுற்றிலும் நீர் கோத்து, ஸ்கேன் கருவியை அந்த இடத்தில் அழுத்தும்போது வலியும் இருந்தால் அழற்சி. பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தக்குழாயின் விட்டம் 6 மி.மீ.க்கு மேல் இருந்தால் குழாயிலும் கல் இருக்கிறதா என்று தேட வேண்டும். வயதானவர்களிடமும் பித்தப்பை எடுத்தவர்களிடமும் சற்று அகன்றிருப்பது இயல்பு.

பித்தப்பைக் கல்லை அல்ட்ராசவுண்ட் 95 சதவீத அளவுக்குப் பிடித்துவிடும். குழாயில் உள்ள கல்லை அதே நம்பிக்கையோடு பிடிக்காது, நடுவில் குடல் காற்று மறைக்கும். சந்தேகம் இருந்தால் எம்ஆர்சிபி (பித்தக்குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) அல்லது எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் தேவை.

கேஸ் வலியா, கல் வலியா?

கல் வலி நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழோ தொடங்கி, ஏறி, ஒரே மட்டத்தில் நிற்கும். அரை மணி நேரத்துக்குக் குறையாது. ஐந்தாறு மணி நேரம்கூட நீடிக்கும். வலது தோள்பட்டை எலும்பின் பக்கம் பரவும். விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகோ நடுராத்திரியிலோ வரும். ஏப்பம் விட்டாலும், மலம் கழித்தாலும், ஆன்டாசிட் குடித்தாலும் அடங்காது. பிறகு தானாக விட்டுவிடும். அடுத்த முறை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்துத்தான் வரும்.

தினமும் சாப்பிட்டதும் வயிறு ஊதுவது, புளியேப்பம், எரிச்சல் ஆகியவை கல்லால் வருபவை அல்ல. இவற்றுக்காகப் பித்தப்பையை எடுத்தவர்களில் பலர், எடுத்த பிறகும் அதே ஊதலோடு திரும்பி வருகிறார்கள். மாறாக, ஒரு தவறு எதிர்த்திசையில் நடக்கிறது: நெஞ்சுக்குழி வலியைக் கல் என்றோ கேஸ் என்றோ முடிவுகட்டி மாரடைப்பைத் தவறவிடுவது. 40 தாண்டியவருக்கு முதல்முறை இப்படி வலித்தால் ஈசிஜி எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

வலியின்போது டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி எதிர்ப்பு மருந்து நன்றாக வேலை செய்யும். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இருப்பவர்களுக்கு அது கூடாது.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

வலி ஆறு மணி நேரத்தைத் தாண்டினால், காய்ச்சல் சேர்ந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் கட்டன் டீ நிறத்துக்கு மாறினால், முதுகுவரை துளைக்கும் வலியோடு வாந்தி நிற்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். குளிர்நடுக்கக் காய்ச்சல், மஞ்சள், வலி மூன்றும் சேர்ந்தால் பித்தக்குழாயில் சீழ்த்தொற்று. 19ஆம் நூற்றாண்டில் சார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த அதே அறிகுறிக் கூட்டம் இது. சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்துவிடலாம், முதியவர்களிடம் வெறும் குழப்பமாகவும் சோர்வாகவும்கூடத் தொடங்கலாம். முதுகுக்குப் பரவும் வலியோடு, ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதி இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால், கல் கணையத்தைத் தாக்கியிருக்கிறது.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கலாமா?

வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே ஆறும். கீழாநெல்லிக்குக் கிடைத்த நல்ல பெயரில் பெரும்பங்கு அதனால் வந்தது. கல் அடைத்து வந்த காமாலை குழாயைத் திறந்தால்தான் போகும். மலம் வெளிறி களிமண் நிறமாகப் போகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது, சிறுநீர் கறுத்திருக்கிறது என்றால் அடைப்புக் காமாலையைச் சந்தேகிக்க வேண்டும். பச்சிலைக்குக் காத்திருக்கும் பத்து நாளில் தொற்று ஏறும். பித்தம் குடலுக்கு வராததால் வைட்டமின் கே உறிஞ்சப்படாமல் ரத்தம் உறையும் திறனும் குறையும். அடைப்புக் காமாலையோடு வருபவருக்கு, குழாயில் கைவைப்பதற்கு முன், ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐஎன்ஆர் பார்த்து வைட்டமின் கே ஊசி போடுவது இதற்காகத்தான்.

மாத்திரையில் கல் கரையுமா?

சிலருக்கு, சில கற்கள். மருந்து உர்சோடிஆக்சிகோலிக் அமிலம், சுருக்கமாக உர்சோ. இந்தியக் கடைகளில் 150, 300 மி.கி. மாத்திரைகளாகக் கிடைக்கிறது. கிலோவுக்கு 8 முதல் 10 மி.கி. என்பது கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மி.கி. காலையும் இரவும். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதையும், கல்லீரல் அதைப் பித்தத்தில் சேர்ப்பதையும் குறைத்து, மிகைச்செறிவை இறக்குகிறது. கரைவது மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. என்ற வேகத்தில், எனவே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும்.

நிபந்தனைகள் கடுமையானவை. கல் கொலஸ்ட்ராலாக இருக்க வேண்டும், கால்சியம் படிந்திருக்கக் கூடாது, 1 செ.மீ.க்குள், முடிந்தால் 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், பை நன்றாகச் சுருங்க வேண்டும். நிறமிக் கல்லில் கொலஸ்ட்ராலே சொற்பம், அது அசையாது. தமிழ்நாட்டில் அந்த வகை கணிசமாக இருக்கும்போது, கல்லின் தன்மையைப் பார்க்காமல் எல்லோருக்கும் மூன்று மாதத்துக்கு உர்சோ எழுதுவதில் பயன் குறைவு. கரைந்தவர்களிலும் பாதிப்பேருக்கு ஐந்து ஆண்டுக்குள் மறுபடி வருகிறது, ஏனென்றால் பித்தமும் பையும் மாறவில்லை. அறுவை சிகிச்சைக்கு உடல் தாங்காதவர்களுக்கும் அதை மறுப்பவர்களுக்கும் இது பொருத்தமான வழி.

வாழைத்தண்டு சாறு? ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும்?

வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்காகச் சொல்லப்படுவது. சிறுநீரகக் கல் பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட். அது வேறு உறுப்பு, வேறு குழாய், வேறு வேதியியல். தண்ணீர் நிறையக் குடித்துப் பித்தப்பைக் கல்லை வெளியேற்ற முடியாது. வெளியேறினால் ஆபத்து என்பதுதான் உண்மை, 3 மி.மீ. கல் குழாயில் இறங்கி கணையத்தைப் பாழாக்கிய சம்பவங்கள் ஏராளம்.

ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, எப்சம் உப்பு சேர்ந்த "லிவர் ஃபிளஷ்" குடித்தபின் மலத்தில் மிதக்கும் பச்சை உருண்டைகள் கற்கள் அல்ல. 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு குறிப்பு அப்படிப்பட்ட உருண்டைகளைப் பகுத்துப் பார்த்தது. அவற்றில் கொலஸ்ட்ராலும் இல்லை, பிலிருபினும் இல்லை, கால்சியமும் இல்லை. முக்கால் பங்கு கொழுப்பு அமிலம். குடித்த எண்ணெய் குடலில் சோப்பாகித் திரண்டதுதான் அது. அசல் கல் பையில் அப்படியே இருக்கும்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கலாமே?

கல் செய்தது அந்தப் பைதான். விட்டுவைத்தால் திரும்பச் செய்யும். கார்ல் லாங்கன்பூக் 1882 ஜூலை 15 அன்று பெர்லினில் முதன்முதலாகப் பித்தப்பையை முழுதாக அகற்றியதும் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான்.

லேப்ராஸ்கோபி ஆபரேஷனில் சரியாக என்ன செய்கிறார்கள்? என்ன தவறு நடக்கலாம்?

வயிற்றில் கார்பன் டைஆக்சைடு நிரப்பி, 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் உயர்த்துவார்கள். பொதுவாக நான்கு துளைகள்: தொப்புளிலும் நெஞ்சுக்குழிக்குக் கீழும் 10 மி.மீ., வலப்பக்கம் இரண்டு 5 மி.மீ. பையைத் தலைப்பக்கம் தூக்கிப் பிடித்து, அதன் கழுத்தருகே உள்ள முக்கோணப் பகுதியின் கொழுப்பையும் நார்த்திசுவையும் நீக்குவார்கள். பைக்குப் போகும் சிறுகுழாயையும் தமனியையும் கிளிப் போட்டு வெட்டி, பையைக் கல்லீரலிலிருந்து உரித்தெடுத்து, தொப்புள் வழியாகவோ நெஞ்சுக்குழித் துளை வழியாகவோ வெளியே எடுப்பார்கள்.

பயப்பட வேண்டிய தவறு ஒன்றே: சிறுகுழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தக்குழாயை வெட்டிவிடுவது. ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நடக்கிறது. 1953இல், அப்போது பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஆண்டனி ஈடனுக்கு லண்டனில் நடந்த திறந்த அறுவை சிகிச்சையிலேயே பித்தக்குழாய் காயப்பட்டது. சரிசெய்ய அவர் பாஸ்டனுக்குப் போக வேண்டியிருந்தது. இதைத் தடுக்க 1995இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அறுவை மருத்துவர் முன்வைத்த முறை இன்று உலகெங்கும் விதி. வெட்டுவதற்கு முன் மூன்றும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: முக்கோணம் முழுதாகச் சுத்தம், பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிந்திருத்தல், பைக்குள் நுழைவது இரண்டே இரண்டு குழாய்கள். அழற்சியால் எல்லாம் ஒட்டிக்கிடந்து இது தெரியாவிட்டால், நல்ல அறுவை மருத்துவர் பிடிவாதம் பிடிக்க மாட்டார். பையின் ஒரு பகுதியை விட்டுவைப்பார், அல்லது வயிற்றைத் திறப்பார். "கீஹோலில் தொடங்கி ஓப்பன் ஆக்கிவிட்டார்கள்" என்று குறைபடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முடிந்ததும் ஓரிரு நாள் தோள் வலிக்கும். உதரவிதானத்துக்கு அடியில் தங்கிய வாயுதான் காரணம். வீட்டுக்குப் போன பிறகு வயிற்று வலி குறையாமல் கூடினால், வயிறு உப்பினால், காய்ச்சலோ மஞ்சளோ வந்தால் பித்தக் கசிவாக இருக்கலாம். அன்றே திரும்பிப் போங்கள்.

அழற்சி ஆறட்டும், ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள். சரியா?

பழைய வழக்கம். கடுமையான அழற்சியில் முதல் சில நாட்களுக்குள், முடிந்தவரை 72 மணி நேரத்துக்குள், எடுப்பதே நல்லது. திசுக்கள் அப்போது நீர்கோத்துத்தான் இருக்கும், இறுகி ஒட்டியிருக்காது. லேசான கணைய அழற்சி கல்லால் வந்திருந்தால், அதே அனுமதியிலேயே பித்தப்பையை எடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் காத்திருக்கும் வாரங்களில் மறுபடி வரும் ஆபத்து அதிகம்.

கல் குழாயில் இறங்கிவிட்டால்?

ஈஆர்சிபி. வாய் வழியாக எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடல்வரை செலுத்தி, பித்தக்குழாயின் வாயைச் சிறிது கீறி, பலூன் அல்லது கூடையால் கல்லை இழுப்பார்கள். இந்தச் செயல்முறையே சிலருக்குக் கணைய அழற்சியைத் தூண்டும். தடுக்க ஆசனவாய் வழியாக இண்டோமெதசின் அல்லது டைக்ளோஃபெனாக் வைப்பார்கள். குழாய் சுத்தமானதோடு வேலை முடிந்ததாக நினைத்துப் பித்தப்பையை விட்டுவிடுபவர்கள் பலர். அடுத்த கல் அங்கிருந்துதான் வரும்.

பித்தப்பை இல்லாமல் செரிமானம் நடக்குமா?

நடக்கும். பித்தம் சுரப்பது கல்லீரல், சேமிப்புதான் போய்விட்டது. வாழ்நாள் முழுக்க எண்ணெய் விலக்கு தேவையில்லை. முதல் சில வாரம் ஒரே வேளையில் அதிகக் கொழுப்பு சேர்க்காமல், பிரித்துச் சாப்பிட்டால் போதும்.

பத்தில் ஒருவர் அளவுக்கு நீர்த்த மலம் தொடரும். சாப்பிட்டு முடிப்பதற்குள் கழிப்பறைக்கு ஓட வேண்டிய அவசரம், எரிச்சலோடு மஞ்சளாகப் போவது என்றால், இலியத்தைத் தாண்டிய பித்த அமிலம் பெருங்குடலைத் தூண்டுகிறது. இதை "ஐபிஎஸ்" (எரிச்சல் குடல் கோளாறு) என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். கொலஸ்டிரமைன் 4 கிராம் பொட்டலம் தண்ணீரில் கலந்து சாப்பாட்டோடு குடித்தால் பலருக்குச் சில நாளில் கட்டுப்படும். தைராய்டு மாத்திரை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உள்ளிட்ட மற்ற மாத்திரைகளையும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால், அவற்றை ஒரு மணி நேரம் முன்போ நான்கு மணி நேரம் பின்போதான் போட வேண்டும்.

கர்ப்பிணிக்குக் கல் வலி வந்தால்? கை, கால் அரிப்பும் பித்தத்தாலா?

கர்ப்பத்தில் பித்தக்கசடு, அதாவது கெட்டியான சேறு போன்ற பித்தம், சேர்வது சகஜம். பிரசவத்துக்குப் பிறகு பலருக்குத் தானாகவே மறையும். வலி திரும்பத் திரும்ப வந்தாலோ அழற்சி ஏற்பட்டாலோ கர்ப்பத்திலேயே லேப்ராஸ்கோபி செய்யலாம். நடு மூன்று மாதங்கள் மிக வசதியான காலம்.

அரிப்பு தனி விஷயம். ஏழாம் மாதத்துக்குப் பிறகு, தடிப்பு ஏதுமில்லாமல், உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தூங்கவிடாமல் அரித்தால், ரத்தத்தில் பித்த அமிலத்தைப் பரிசோதிக்க வேண்டும். லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து தெளிவாக உயர்கிறது. அப்போது 35, 36 வாரங்களிலேயே பிரசவத்தைத் திட்டமிடுவார்கள். உர்சோ அரிப்பைக் கொஞ்சம் குறைக்கும். அதை நம்பி ரத்தப் பரிசோதனையை நிறுத்தக் கூடாது.

கொலஸ்ட்ரால் மாத்திரையால் கல் வருமா?

ஸ்டேட்டினால் வராது. ட்ரைகிளிசரைடுக்குக் கொடுக்கும் ஃபைப்ரேட் வகை மருந்துகள் பித்த அமில உற்பத்தியைக் குறைத்து, பித்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டும். கல் இருப்பவர் ஃபெனோஃபைப்ரேட் எடுத்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். டைபாய்டுக்கும் மற்ற தொற்றுகளுக்கும் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி, குறிப்பாகக் குழந்தைகளிடம், கால்சியத்தோடு சேர்ந்து பித்தப்பையில் கல் போன்ற படிவை உண்டாக்கும். ஊசியை நிறுத்திய சில வாரங்களில் மறைந்துவிடும். அந்தக் குழந்தைக்கு வேண்டியது மறுஸ்கேன். அறுவை சிகிச்சை அல்ல.

சிரோசிஸ் நோயாளிக்குக் கல் இருந்தால்?

வலியில்லை என்றால் தொடாதீர்கள். போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடிய வயிற்றில் பித்தப்பையைச் சுற்றி ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும். ரத்தப்போக்குதான் பெரிய ஆபத்து. கல்லீரல் பாதிப்பை ஏ, பி, சி என்று பிரிக்கும் சைல்டு-ப்யூ அளவுகோலில் ஏ நிலையிலும், கவனமாகத் தேர்ந்தெடுத்த பி நிலையிலும் லேப்ராஸ்கோபி செய்யலாம். சி நிலையில் முடிந்தவரை தவிர்த்து, தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி வழியாகப் பித்தத்தை வடிப்பார்கள்.

எடுத்த பித்தப்பையை பயாப்சிக்கு அனுப்ப வேண்டுமா?

அனுப்ப வேண்டும். கல்லுக்காக எடுத்த பையில் எதிர்பாராமல் புற்றுநோய் தெரியவருவது உண்டு; ஆரம்ப நிலையில், உட்சுவரோடு நின்றிருந்தால் அந்த அறுவை சிகிச்சையே போதுமானதாகிவிடும், தசை அடுக்கைத் தாண்டியிருந்தால் மறுபடி அறுவை வேண்டும். கற்களை மட்டும் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பையை ஆய்வகத்துக்கு அனுப்பாமல் விடும் இடங்கள் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் ஆகும்போது "பயாப்சி அனுப்பியாச்சா, ரிப்போர்ட் எப்போது வரும்?" என்று கேட்டு, தையல் பிரிக்கப் போகும் நாளில் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் படித்துவிடுங்கள்.